1996-இல் கட்டி முடித்த வாடகை வீடு: தேய்மான ரிப்போர்ட் எடுக்கலாமா? கிச்சனை எப்போது இடிப்பது?

புதுச்சாவி எழுதியது:

வணக்கம். மேற்கு சிட்னியில் மூன்று படுக்கையறை செங்கல் வீடு. 2025 செப்டம்பரில் செட்டில்மென்ட் முடிந்து வீடு கைக்கு வந்தது. நாங்கள் குடியிருக்கப் போவதில்லை, முழுக்க வாடகைக்குத்தான். பத்திரத்தில் நானும் மனைவியும் பாதிப் பாதி. இருவரும் 30 சதவீத வரிப்படியில் இருக்கிறோம், மெடிகேர் (அரசு மருத்துவ வரி) 2 சதவீதம் தனி.

வீடு 1996 மார்ச்சில் கட்டி முடிந்ததாக கவுன்சில் பதிவு சொல்கிறது. முன்பிருந்தவர் 2009 ஜூலையில் கிச்சனை முழுதாக மாற்றியிருக்கிறார். இப்போதைய நிலவரம்: கார்பெட் நைந்துவிட்டது, ஹாட் வாட்டர் டேங்க் அடியில் ஒழுகுகிறது, உள்ளே பெயின்ட் உரிகிறது, கிச்சன் ஓடும், ஆனால் பார்க்க நன்றாக இல்லை.

முப்பது வருஷப் பழைய வீட்டுக்கு குவான்டிட்டி சர்வேயர் (கட்டுமானச் செலவை மதிப்பிடுபவர்) ரிப்போர்ட் எடுப்பது வீண் செலவு என்று சிலர் சொல்கிறார்கள். "இப்போது வருமானத்திலிருந்து கழித்தால் விற்கும்போது சிஜிடியில் (மூலதன லாப வரியில்) திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் தேய்மானத்தைத் தொடவே தொடாதே" என்றும் ஒரு பேச்சு. இன்னொருவர், குடித்தனக்காரர் வந்த பிறகு வேலைகளைச் செய்தால் எல்லாமே ரிப்பேர் செலவாகிவிடும் என்கிறார். எதை நம்புவது?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மூன்றிலும் அரை உண்மை இருக்கிறது. அதனால்தான் குழப்பம்.

தேய்மானம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே இரண்டு கணக்கு ஓடுகிறது. கட்டடம், அதோடு ஒட்டிய சுவர், கூரை, டைல், கிச்சன் கேபினெட், குளியலறை எல்லாம் வரிச் சட்டத்தின் டிவிஷன் 43. கழற்றி எடுக்கக்கூடிய கார்பெட், ஹாட் வாட்டர், ஓவன், ஏசி, பிளைண்ட்ஸ் எல்லாம் டிவிஷன் 40. வரிப்படிவத்திலும் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம். இதைப் பிரித்துப் பார்க்காத வரை எந்த அறிவுரையும் உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் டிவிஷன் 43. குடியிருப்புக் கட்டடத்தின் கட்டுமானம் 1987 செப்டம்பர் 15-க்குப் பிறகு தொடங்கியிருந்தால், வருஷத்துக்கு 2.5 சதவீதம், 40 வருஷம். உங்கள் வீடு 1996 மார்ச்சில் முடிந்ததால் 2036 மார்ச் வரை ஓடும். நீங்கள் வாங்கியதிலிருந்து பத்தரை வருஷம் பாக்கி. இந்த 40 வருஷம் வீட்டோடு போவது. யார் வாங்கினாலும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்காது. கணக்கும் நீங்கள் கொடுத்த விலையில் அல்ல, அன்று கட்ட ஆன செலவில். நிலத்துக்குக் கிடையாது, புல்தரைக்கும் செடிகொடிக்கும் கிடையாது. வேலி, தடுப்புச்சுவர், கான்கிரீட் டிரைவ்வே மாதிரியானவை 1992 பிப்ரவரி 26-க்குப் பிறகு போட்டவையாக இருந்தால் அவற்றுக்கும் அதே 2.5 உண்டு.

எண்ணாக வைத்துப் பார்ப்போம். அசல் கட்டுமானச் செலவு 110,000 டாலர் என்று சர்வேயர் மதிப்பிட்டால் வருஷத்துக்கு 2,750. 2009 கிச்சன் 16,000 என்றால் வருஷத்துக்கு 400, அது 2049 வரை. மொத்தம் 3,150. உங்கள் 32 சதவீதத்துக்கு வருஷா வருஷம் இருவருக்குமாகச் சேர்த்து 1,008 டாலர் வரி மிச்சம். ரிப்போர்ட்டுக்குச் சில நூறு டாலர் ஆகும், அந்தக் கட்டணமும் அந்த வருஷமே கழிவு. ஆகவே வீண் செலவு இல்லை. 1987-க்கு முந்தைய வீடு, எந்தப் புதுப்பிப்பும் இல்லை என்றால் அவர்கள் சொல்வது சரியாக இருந்திருக்கும்.

டிவிஷன் 40-இல்தான் கை கடிக்கும். 2017 மே 9 மாலை 7.30-க்குப் பிறகு ஒப்பந்தம் போட்டு வாங்கிய குடியிருப்பு வீட்டில், வாங்கும்போதே உள்ளே இருந்த பழைய சாமான்களுக்கு தனிநபர் தேய்மானம் கழிக்க முடியாது. பழைய கார்பெட், பழைய ஓவன் எல்லாம் சைபர். நீங்கள் புதிதாக வாங்கிப் பொருத்துவதற்கு முழுக் கழிவு உண்டு. பழையதைத் தூக்கி எறியும்போது, அதற்கென்று ஒதுக்கிய விலை மூலதன நட்டமாக நிற்கலாம். அது சம்பளத்தில் கழியாது, பிற்பாடு வரும் மூலதன லாபத்தில் மட்டும் கழியும்.

சிஜிடி பேச்சு: ஆமாம், கழித்த டிவிஷன் 43 தொகை காஸ்ட் பேஸிலிருந்து, அதாவது லாபம் கணக்கிட எடுக்கும் அடக்க விலையிலிருந்து, குறையும் (1997 மே 13-க்குப் பிறகு வாங்கிய சொத்துகளுக்கு). ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 வருஷத்தில் 31,500 கழித்து 10,080 வரி மிச்சம் பிடித்திருப்பீர்கள். விற்கும்போது லாபம் 31,500 கூடும். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்ததால் 50 சதவீதத் தள்ளுபடி போக 15,750 மட்டும் வருமானத்தில் சேரும். அதற்கு 32 சதவீதம் என்றால் 5,040. விற்ற வருஷத்தில் லாபம் உங்களை 47 சதவீதத்துக்கே தள்ளினாலும் 7,402. எப்படிப் போட்டாலும் கழிப்பதுதான் லாபம், பணமும் பத்து வருஷம் முன்பே கைக்கு வருகிறது. ஒரு வருஷத்துக்குள் விற்றால் மட்டும் இந்த வாதம் நிற்காது.

இன்னொன்று. "கழிக்காமல் விட்டால் காஸ்ட் பேஸ் முழுசாக இருக்கும்" என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். கழித்தது மட்டுமல்ல, அந்த வருஷ வரிக் கணக்கை (அசெஸ்மென்ட்) திருத்த இன்னும் காலம் இருந்து, கழிக்க முடிந்தும் விட்டதும் குறையும். தனிநபருக்கு அந்தக் காலம் பொதுவாக அசெஸ்மென்ட் நோட்டீஸ் வந்து 2 வருஷம்.

---

செங்கல்சிமெண்ட் எழுதியது:

மேலே சொன்னதோடு ரிப்போர்ட் பக்கம் சில விஷயம் சேர்க்கிறேன்.

அசல் பில் இல்லாதபோது கட்டுமானச் செலவை மதிப்பிட ஏடிஓ (ஆஸ்திரேலிய வரி அலுவலகம்) ஏற்றுக்கொள்வது குவான்டிட்டி சர்வேயர், கட்டட மேற்பார்வையாளர், அந்தக் கட்டடத்தை மேற்பார்த்த ஆர்க்கிடெக்ட், மதிப்பீட்டில் அனுபவமுள்ள பில்டர் போன்றவர்களை. அக்கவுன்டன்ட், ரியல் எஸ்டேட் ஏஜென்ட், வேல்யூயர் போடும் எண் செல்லாது, அவர்களுக்குத் தனியாக அந்தத் தகுதி இருந்தாலொழிய. நெட்டில் கிடைக்கும் கால்குலேட்டர் எண்ணும் அப்படித்தான். ரிப்போர்ட் போடும் ஆள் டேக்ஸ் ஏஜென்ட்டாகப் பதிவு செய்தவரா என்று டிபிபி (வரி ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் வாரியம்) பதிவேட்டில் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டு பணம் கட்டுங்கள்.

பழைய வீட்டு ரிப்போர்ட்டில் அடிக்கடி வரும் கோளாறு இரண்டு.

முதலாவது: 2025-இல் வாங்கிய வீட்டுக்கு, உள்ளே இருந்த பழைய கார்பெட், ஓவன், பிளைண்ட்ஸ் எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டு கழிவுப் பத்தியிலேயே நிறுத்திவிடுவார்கள். முதல் வருஷக் கழிவு தடபுடலாகத் தெரியும். அக்கவுன்டன்ட் அப்படியே தட்டிவிடுவார். இரண்டு வருஷம் கழித்து ஏடிஓ கேட்டால் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டும். அந்தப் பழைய சாமான்கள் ரிப்போர்ட்டில் இருக்கலாம், ஆனால் சிஜிடி தகவல் என்று தனிப் பக்கத்தில் மட்டும்.

இரண்டாவது: கிச்சன் இரட்டிப்பு. 1996 அசல் செலவில் அன்றைய கிச்சனும் அடக்கம். 2009-இல் அதைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஆகவே 110,000-இலிருந்து பழைய கிச்சனின் பங்கு கழிந்திருக்க வேண்டும், புதிய கிச்சன் தனி வரிசையில் தனித் தேதியோடு நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்புங்கள்.

சர்வேயர் வரும் நாளில் வேலை எதுவும் தொடங்கியிருக்கக் கூடாது. கார்பெட்டை உரித்துவிட்டு, கிச்சனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு "வந்து பாருங்க" என்றால் அவர் எதைப் பார்ப்பார்? கேபினெட்டைத் திறந்து, சிங்க் அடி, ஸ்விட்ச் போர்டு, பின்பக்கப் பெர்கோலா என்று தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கவுன்சிலில் பழைய டிஏ (கட்டட அனுமதி விண்ணப்பம்) விவரம் கேட்டால் பெர்கோலா எந்த வருஷம் என்பது கிடைக்கும், அதுவும் ஒரு வரிசை.

புது வேலைக்கு வரும் இன்வாய்ஸ்தான் இன்னும் முக்கியம். "கிச்சன் சப்ளை அண்ட் இன்ஸ்டால், 21,000" என்று ஒரே வரியில் வாங்காதீர்கள். கேபினெட், பெஞ்ச்டாப், சிங்க், குழாய், ஸ்பிளாஷ்பேக் டைல், பிளம்பிங் ஒரு தொகை, அது டிவிஷன் 43. ஓவன், குக்டாப், ரேஞ்ச்ஹுட் ஒவ்வொன்றும் அதன் பொருத்துக் கூலியோடு தனித் தொகை, ஆயுள் 12 வருஷம். 12 வருஷத்தில் கழிய வேண்டிய 4,000 டாலர், பில் பிரியாததால் 40 வருஷத்துக்கு இழுபடுவதைப் பார்த்தால் வயிறு எரியும். கொட்டேஷன் வாங்கும்போதே பிரித்துக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்டால் போனையே எடுக்க மாட்டார்கள். நீங்களே செய்த வேலைக்குப் பொருள் செலவு மட்டும்தான், உங்கள் உழைப்புக்கு விலை போட முடியாது.

---

புதுச்சாவி எழுதியது:

ரொம்ப நன்றி. அப்படியானால் வரிசை எப்படி? எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாடகைக்கு விடுவதா, ஆள் வந்த பிறகு ஒவ்வொன்றாகச் செய்வதா? பெயின்ட்டை ஒரு வருஷம் தள்ளிப்போட்டால் ரிப்பேர் ஆகிவிடுமா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெயின்ட்டுக்கு நேரடி பதில்: ஆகாது. வாங்கும்போதே இருந்த குறையைச் சரிசெய்வது "ஆரம்ப ரிப்பேர்", அது மூலதனச் செலவு. ஏடிஓ பார்ப்பது எத்தனை மாதம் ஆயிற்று என்பதை அல்ல, அந்தக் குறை எப்போது உண்டானது என்பதை. உரிந்த சுவரை 2027-இல் அடித்தாலும் குறை 2025-இல் இருந்ததுதான். பில்டிங் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் "உள்சுவர் பெயின்ட் உரிகிறது" என்று எழுதியிருக்குமே, அதுவே சாட்சி. நீங்கள் வாடகைக்கு விட்ட காலத்தில் புதிதாக உண்டான சேதத்தைச் சரிசெய்தால் அது ரிப்பேர். அதிலும் உடைந்த நாலு பலகையை மாற்றினால் ரிப்பேர், வேலி முழுவதையும் மாற்றினால் மூலதனம்.

ஹாட் வாட்டர், கார்பெட் இரண்டும் காத்திருக்க ஒன்றுமில்லை. பழையவை இரண்டாம் கை என்பதால் பிரித்தாலும் கழிவில்லை, வைத்திருந்தாலும் கழிவில்லை. இப்போதே மாற்றி, ரசீதை வையுங்கள். கார்பெட்டின் ஆயுள் 8 வருஷம், ஹாட் வாட்டர் மின்சாரமோ கேஸோ 12, சோலார் என்றால் 15, ஸ்ப்ளிட் ஏசி 10, பிளைண்ட்ஸ் 10, கர்ட்டன் 6. குறையும் மதிப்பு முறையில் (வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் சதவீதம் போடுவது) 200-ஐ ஆயுளால் வகுங்கள்: கார்பெட்டுக்கு 25 சதவீதம், முதல் வருஷம் நாள் கணக்கில்.

கார்பெட்டுக்குப் பதில் டைல் போடலாமா என்று யோசிப்பீர்கள். டைல் கட்டடத்தோடு ஒட்டியது, 2.5 சதவீதம். மிதக்கும் மரத்தளம் டிவிஷன் 40, 15 வருஷம். ஆனால் வரிக்காகத் தரையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மூன்று குடித்தனம் தாண்டி டைல் நிற்கும், கார்பெட் நிற்காது.

கிச்சன்தான் யோசிக்க வேண்டிய இடம். 2009 ஜூலையில் 16,000 என்று வைத்தால், 2026 ஜூலையில் 17 வருஷம் ஓடி 6,800 தீர்ந்திருக்கும், மிச்சம் 9,200. வாடகை வருமானத்துக்கு நீங்கள் பயன்படுத்திய கிச்சனை, கழிவு எடுத்துக்கொண்டிருக்கும் நிலையில் இடித்தால், அந்த 9,200-ஐ இடித்த வருஷத்திலேயே முழுதாகக் கழிக்கலாம். விற்ற பழைய சாமானுக்கோ இன்சூரன்ஸிலோ பணம் வந்தால் அது போக மிச்சம். ஆள் குடியேறும் முன்பே இடித்தால் இந்தக் கழிவு கிடையாது, காஸ்ட் பேஸில்தான் கிடக்கும். 32 சதவீதத்தில் இதன் மதிப்பு 2,944 டாலர்.

1996 கிச்சனாக இருந்து அசல் செலவு 8,000 என்றால் மிச்சம் 2,000 டாலர்கூடத் தேறாது, அதற்காகக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். உங்களுடையது ஓடுகிற கிச்சன், பார்வைக்குத்தான் குறை. ஆகவே பெயின்ட், கார்பெட், ஹாட் வாட்டர் இப்போது. கிச்சனை அப்படியே விட்டு முறையாக வாடகைக்கு விடுங்கள். முதல் ஒப்பந்தம் முடிந்து ஆள் மாறும் இடைவெளியில் பிரியுங்கள். குடியிருப்பவர் இருக்கும்போது மூன்று வாரம் கிச்சன் இல்லாமல் வைத்தால் வாடகைக் குறைப்பு கேட்பார், கேட்பது நியாயமும்கூட. சர்வேயர் ரிப்போர்ட் இடிப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

மேலும் ஒன்று: உங்களுக்கு டிவிஷன் 43 கழிவு தொடங்குவது வீடு வாடகைக்குத் தயாராகி உண்மையாகவே சந்தைக்கு வந்த நாளிலிருந்து. வேலை நடக்கும் இந்த வாரங்கள் கணக்கில் வராது. அதனால் விளம்பரம் போட்ட தேதியின் பதிவை ஏஜென்டிடமிருந்து வாங்கி வையுங்கள்.

---

யாழ்தேவி எழுதியது:

ஓம், எல்லாம் சரி. பாதிப் பாதி உரிமையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை, அதுக்குள்ளதான் வசதி இருக்கு.

300 டொலருக்குள்ள எண்டால் உடனடிக் கழிவு, 1,000 டொலருக்குக் கீழ எண்டால் பூல் எண்ட வரம்புகள் பொருளின்ர முழு விலைக்கு இல்லை, உங்கட பங்குக்கு. ஹாட் வாட்டர் பொருத்துக் கூலியோட 1,900 எண்டால் ஆளுக்கு 950. 1,000-க்குக் கீழ, ஆகவே லோ வேல்யூ பூலுக்குள்ள (விலை குறைஞ்ச பொருள்களைச் சேர்த்து ஒரே வீதத்தில கழிக்கிற தொகுப்பு) போடலாம். முதல் வருசம் 18.75 சதவீதம், அதாவது ஆளுக்கு 178 டொலர். ஜூன் 28-ந் தேதி பொருத்தினாலும் அதே 18.75, நாள் கணக்கு இல்லை. அடுத்த வருசத்திலயிருந்து மிச்சத்தில 37.5. பொருள் ஒருத்தருக்கு 300-க்குள்ள வந்தால் அந்த வருசமே முழுக் கழிவு, 590 டொலர் மைக்ரோவேவ் ஆளுக்கு 295 மாதிரி.

கார்ப்பெட் 3,200 எண்டால் ஆளுக்கு 1,600, பூலுக்குள்ள போகாது. சாதாரண முறைதான்.

சீலிங் ஃபேனில கவனம். ஒரே மாதிரி ஃபேன் 240 படி மூண்டு, ஒரே நிதியாண்டில வாங்கினால் சேர்த்துத்தான் பார்ப்பினம்: 720, ஆளுக்கு 360, உடனடிக் கழிவு இல்லை. ரெண்டு எண்டால் ஆளுக்கு 240, கழிக்கலாம். மூண்டாவதை ஜூலையில வாங்குங்கோ.

ஒரு தரம் பூல் தொடங்கினால் பிறகு வாற 1,000-க்குக் குறைஞ்ச பொருள் எல்லாத்தையும் அதுக்குள்ளதான் போடவேணும் (300-க்குள்ள உடனடியா கழிக்கிறதைத் தவிர). பூல் வீட்டின்ர பேரில இல்லை, உங்கட பேரில ஒண்டு, மனுசியின்ர பேரில ஒண்டு.

வருமானம் கூடின ஆளின்ர பேரில முழுத் தேய்மானத்தையும் போடுறது நிறையப் பேர் செய்யிற பிழை. கடனை ஒருத்தர் தனிய கட்டினாலும் பத்திரத்தில பாதியெண்டால் கழிவும் பாதிதான். ரிப்போர்ட் எடுக்கேக்கயே ரெண்டு பேருக்கும் பிரிச்ச பத்தி கேளுங்கோ, மேலதிகக் காசு பெரும்பாலும் கேக்க மாட்டினம்.

---

அடுக்குமாடி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. இரண்டு விதம். ஒன்று, டெவலப்பரிடம் நேராக வாங்கிய புது ஃபிளாட். இன்னொன்று, 2019-இல் புதிதாக வாங்கி நாங்களே குடியிருந்த வீடு, இப்போது வாடகைக்கு விடப்போகிறோம். இரண்டுக்கும் இதே விதிதானா?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

புது ஃபிளாட்டுக்கு 2017 தடை கிடையாது. உள்ளே வந்த ஓவன், ஏசி, கார்பெட் எல்லாவற்றுக்கும் டிவிஷன் 40 உண்டு. நீங்கள் வாங்கும் முன் டெவலப்பர் சில மாதம் வாடகைக்கு விட்டிருந்தாலும், புதிதாக முடிந்து 6 மாதத்துக்குள் வாங்கியிருந்து, அந்தச் சாமான்களுக்கு வேறு யாரும் தேய்மானம் கழித்திராமல் இருந்தால் சரி. அதோடு லிஃப்ட், பொதுவழி, கார் நிறுத்தம் போன்ற பொதுச் சொத்திலும் உங்கள் லாட்டின் (ஃபிளாட்டின்) பங்கு அளவுக்குக் கழிவு உண்டு. ரிப்போர்ட்டில் அந்த வரிசை இருக்கிறதா என்று பாருங்கள், விட்டுப்போவது சகஜம். ஸ்ட்ராட்டாவில் (அடுக்குமாடி உரிமையாளர் சங்கத்தில்) கூரை மாற்ற, முகப்பு மாற்ற என்று தனி லெவி (சிறப்பு வசூல்) போட்டால் கட்டிய வருஷமே கழிக்க முடியாது. வேலை முடிந்து அந்தப் பணம் செலவான பிறகு 2.5 சதவீதமாகத்தான்.

நீங்கள் குடியிருந்த வீட்டில் நீங்களே புதிதாக வாங்கிப் போட்ட கார்பெட்டும் இரண்டாம் கைதான். சொந்த உபயோகத்தில் இருந்தது என்பதால் டிவிஷன் 40 போய்விட்டது. டிவிஷன் 43 மட்டும் நிற்கும்: 2019-இல் முடிந்தது என்றால் 2059 வரை, ஆனால் குடியிருந்த வருஷங்களின் பங்கு திரும்ப வராது. ஆகவே வாடகைக்கு விடும் முன் கார்பெட், ஏசி மாற்றும் எண்ணம் இருந்தால், நீங்கள் வெளியேறிய பிறகு மாற்றுங்கள், முன்பு அல்ல. அதே கார்பெட், அதே 3,200 டாலர், வெளியேறும் முந்தின மாதம் போட்டால் சைபர்.

இதில் இன்னொரு சாதகம். குடியிருந்த வீட்டை வாடகைக்கு விட்டு, வேறு வீட்டை முதன்மை வீடாகக் காட்டாமல் 6 வருஷத்துக்குள் விற்றால் லாபத்துக்கு முழு விலக்கு கிடைக்கலாம். அப்படியானால் காஸ்ட் பேஸ் குறைந்தால் என்ன, குறையாவிட்டால் என்ன? கழித்த டிவிஷன் 43 அப்படியே மிச்சம். விற்பனை ஒப்பந்தம் போடும் நாளில் நீங்கள் வரி முறையில் வெளிநாட்டுவாசியாக இருந்தால் மட்டும், மிகக் குறுகிய விதிவிலக்குகள் தவிர, இந்த விலக்கு கிடையாது. ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் விற்பனை ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன்பே போடுவது இதனால்தான்.

ஊரில் வாடகைக்கு விட்ட வீடு வைத்திருப்பவர்களுக்கு: இங்கே வரிவாசியாக இருந்தால் அந்த வாடகையும் இங்கே காட்ட வேண்டும். இந்தியாவில் தரும் 30 சதவீத நிலைக்கழிவு இங்கே செல்லாது. பதிலுக்கு, கட்டுமானம் 1990 ஆகஸ்ட் 21-க்குப் பிறகு தொடங்கியிருந்தால் டிவிஷன் 43 அதற்கும் உண்டு. பில்டரின் ஒப்பந்தமும் கட்டிய ரசீதுகளும் கையில் இருந்தால் சர்வேயர்கூடத் தேவையில்லை, ரூபாய்ச் செலவை டாலருக்கு மாற்றிய கணக்கை மட்டும் கூடவே எழுதி வையுங்கள்.